‘எந்த குரூப் எடுக்கலாம்?’ - பிளஸ் 1 சேரும் முன் கவனிக்க வேண்டியவை

10-ம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, குடும்பத்தில் முதலில் காலேஜ் முடித்து வேலைக்குப் போனவருக்கு ஒரு போன் வரும். “தம்பிக்கு எந்த குரூப் வாங்கலாம்? நீயே சொல்லு.”

15 வயதில் என்ன வேலைக்குப் போவோம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்பது தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

எது மூடும்?

* மருத்துவம்: நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல். பிளஸ் 2-வுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் அனுமதித்தது. ஆனால், அது சுற்று வழி.

* இன்ஜினீயரிங்: கவுன்சிலிங்கில் 600-க்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப். கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 70 எடுத்தால் 90+40+35 = 165. கம்ப்யூட்டர் சயின்ஸில் சென்டம் எடுத்தாலும் இதில் சேராது.

* ராணுவ அதிகாரி: என்டிஏ தேர்வில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் ஓகே. விமானப்படை, கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம்.

எது மூடாது?

சி.ஏ. ஃபவுண்டேஷன், சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு இரண்டையும் எந்த குரூப் மாணவரும் எழுதலாம். ஐஏஎஸ் கனவுக்குத் தேவை ஏதாவது ஒரு டிகிரி. சென்னை ஐஐடி-யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர, 10-ம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் 2-வை எந்த குரூப்பில் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாலிடெக்னிக் போனவர்கள் டிப்ளமோ முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

அப்போ பயோ-மேத்ஸ் எடுத்துட்டா சேஃப்தானே?

இரண்டு கதவும் திறந்திருக்கும், உண்மைதான். ஆனால், நான்கும் கனமான பாடங்கள். கணக்கைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளையை ‘சேஃப்டி’க்காக அதில் சேர்த்தால், மற்ற மூன்று பாடங்களின் மார்க்கும் சேர்ந்து சரியும்.

பள்ளி மாற்றும் முன்...

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். மருத்துவம், இன்ஜினீயரிங் சேர்க்கையில் உள்ள 7.5% உள் ஒதுக்கீட்டில் இடம்பெற, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். “பிளஸ் 1, பிளஸ் 2 மட்டும் பிரைவேட்ல போடலாம்” என்று மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். டி.சி. வாங்கும் முன் இதை வீட்டில் பேசிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம்.

அடுத்த முறை போன் வந்தால், பதில் சொல்லும் முன் போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். “என்ன ஆகப் போற?” என்று கேட்காதீர்கள். “யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தை எடுத்துப் படிப்ப?” என்று கேளுங்கள். அதிலிருந்து குரூப்பைப் பேசலாம்.