கந்தளாய் அணை தரும் பாடம்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள இறக்கக்கண்டியின் ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. எங்கும் நீர்தான், எனினும் அது குடிநீராகாது. இத்தகைய கரையோரத்தைக் கொண்ட மாவட்டத்திற்கு உட்பகுதிக் குளங்களே உயிர்நாடி. அவற்றுள் தலையாயது கந்தளாய்க் குளம்.

பண்டை மன்னர் காலத்து அக்குளத்தின் மண்ணணை, 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன.

மண்ணணையுள் கசியும் நீர், மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லக்கூடும். வெளித்தோற்றத்தில் அணை உறுதியாக நிற்கும்போதே உள்ளே குழாய்போல் வழி உண்டாகிவிடும். கசிவு நீர் கலங்கி வருவது அதற்கு அறிகுறி.

கந்தளாய் அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. திருகோணமலை நகருக்கும் அக்குளமே குடிநீர் தருகின்றது. ஆதலின், முதிர்ந்த அணைகளை உடையுமுன்னே ஆராய்ந்து புதுக்குதல் வேண்டும். உடைந்தபின் அணையைக் கட்டலாம், மாண்டோரை மீட்க இயலாது.