நஞ்சைப் பயிரும் நஞ்சை வெல்லும் நொதியும்

மேட்டூர் நீர் உரிய காலத்தில் வாராத ஆண்டுகளில் மயிலாடுதுறைப் பகுதியின் கடைமடை வயல்களில் நெற்பயிர் வாடி நிற்பதை நாம் அறிவோம். அவ்வேளையில் பரிந்துரைக்கப்பெறும் தெளிப்புகளுள் ஒன்று, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய 'பிபிஎப்எம்' கரைசல். உழவர் இதனை மருந்தென்றே வழங்குவர். உண்மையில் புட்டியினுள் இருப்பது மெத்தைலோபாக்டீரியம் என்னும் இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிர்.

இலை வளருங்கால் அதன் செல்சுவரிலுள்ள பெக்டின் மாற்றமுற்று, சிறிதளவு மெத்தனால் இலைத்துளை வழியே கசிகின்றது. அதுவே இந்நுண்ணுயிரின் உணவு. இடர் தொடங்குவதும் அங்கேதான். மெத்தனால் ஆக்சிஜனேற்றம் பெறும்போது முதலில் பிறப்பது பார்மால்டிஹைடு. விலங்கியல் ஆய்வகக் குடுவைகளில் தவளையையும் பாம்பையும் கெடாது காக்கும் பார்மலின், நீரில் கரைந்த இப்பொருளேயாகும். புரதங்களையும் மரபுப்பொருளையும் பிணைத்து முடக்குவது அதன் இயல்பு. செத்த உடலைக் காப்பதும் வாழும் செல்லைக் கொல்வதும் அவ்வொரு குணத்தாலேயே.

உண்ட உணவு உள்ளே நஞ்சாகும் இந்நிலையில் அவ்வுயிரைக் காப்பது ஒரு நொதி. (என்சைம் என்பதற்கு, நொதித்தலினின்று பிறந்த இச்சொல்லை மாணவர் தயங்காது ஆளலாம்.) 'ஃபே' எனச் சுருக்கி வழங்கப்பெறும் இதனை ஜூலியா வோர்ஹோல்ட் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இது பார்மால்டிஹைடை டெட்ராஹைட்ரோமெத்தனாப்டெரின் என்னும் துணைப்பொருளோடு இணைக்கின்றது. அவ்விணைப்பு தானாகவும் நிகழும். ஆயின் அம்மெதுவான வேகம் உயிர் பிழைக்கப் போதாது. நொதி அதனை விரைவுபடுத்த, பிற நொதிகள் பார்மேட்டாக மாற்ற, நஞ்சிலிருந்தே ஆற்றல் கிடைக்கின்றது. இந்நொதிக்குரிய மரபணுவை நீக்கியபோது நுண்ணுயிர் மெத்தனாலில் வளரவில்லை. நாளும் உண்ட உணவே அதற்கு நஞ்சாயிற்று.

இன்னொரு வியப்பும் உண்டு. அத்துணைப்பொருள், வயற்சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் போன்றவற்றுக்கே உரியதெனக் கருதப்பட்டு வந்தது. இலைமேல் வாழும் இவ்வினத்திலும் அது உண்டென்பது 1998இல்தான் தெரிந்தது.

உணவளித்த பயிருக்கு இந்நுண்ணுயிர் கைம்மாறும் செய்கின்றது. இது சுரக்கும் சைட்டோகைனின் இலை விரைவில் பழுப்பதைத் தடுக்கும். நீருக்கு இது மாற்றாகாது. வறட்சியைச் சில நாள் தாங்கவே துணைபுரியும். ஹெக்டேருக்கு 500 மில்லி லிட்டர் என்பது பரிந்துரை. உயிருள்ள பொருளாதலின் பூச்சிக்கொல்லியுடன் கலவாமல், உச்சி வெயில் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ தெளித்தல் வேண்டும்.