நடுங்கும் கையும் நீளும் கையும்

நம்மிடம் ஓதி ஸனது பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நம்மைக் காண வந்திருந்தார். வளைகுடா நாடொன்றில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. அவர் கடல் கடப்பதைத் தந்தையார் முடிவு செய்தார். யாரை மணப்பது என்பதை மூத்த சகோதரர் முடிவு செய்தார். கடவுச்சீட்டைக் கஃபீல் வாங்கி வைத்துக்கொண்டார். மாதந்தோறும் அனுப்பும் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதைக்கூடப் பிறர் சொல்லித்தான் அவர் அறிகிறார். “என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு சொல் இல்லை ஹள்ரத், எல்லாம் நஸீபு” என்றார்.

கத்ரைப் பொருந்திக்கொள்ளுமாறும் பொறுமையாக இருக்குமாறும் கூறி, துஆச் செய்து அனுப்பிவைத்தோம். பலருக்கும் பலமுறை சொன்ன விடை. நாவில் தயாராக இருந்தது. அன்றிரவு மறுநாள் பாடத்திற்காக ஷரஹுல் அகாயிதைப் புரட்டியபோதுதான், அவர் கேட்டது ஒன்று, நாம் சொன்னது வேறொன்று என்பது புலப்பட்டது. இக்கட்டுரை அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே.

கத்ரின் மீது ஈமான் கொள்வது ஈமானின் ஆறு அடிப்படைகளுள் ஒன்று, அதில் ஐயமில்லை. எனினும், ‘என் வாழ்வு என் கையில் இல்லை’ என்ற உணர்வும் கத்ரின் மீதான நம்பிக்கையும் ஒன்றுதானா என்பதே வினா. தமிழில் ‘கை’ என்பதற்குச் செயல் என்றும் பொருள் உண்டு. செயலற்றுப்போவதையே கையறுதல் என்றனர் முன்னோர். கையற்று இருப்பதுதான் ஈமானா?

அன்னஸஃபீ (இறப்பு ஹி. 537 / கி.பி. 1142) அவர்களின் அகீதாச் சுருக்கத்திற்கு இமாம் தஃப்தாஸானீ எழுதிய விரிவுரையே ஷரஹுல் அகாயித். தமிழகத்து அரபுக் கல்லூரிகள் பலவற்றில் இது பாடநூல். அதில் மிக எளிய உதாரணம் ஒன்று வருகிறது. ஒரு பொருளைப் பற்றுவதற்காக நீளும் கை ஒன்று. நோயினால் நடுங்கும் கை மற்றொன்று. இரண்டும் அசைவுகளே. இரண்டையும் படைப்பவன் அல்லாஹ்வே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை எந்த ஆதாரமும் தேடாமலே எவரும் அறிவர். முன்னதில் மனிதனின் இக்தியார், அதாவது தெரிவு, இருக்கிறது, பின்னதில் இல்லை. நடுங்கும் கையை எந்தக் காழியும் விசாரிப்பதில்லை. களவுக்கு நீண்ட கை விசாரிக்கப்படுகிறது.

ஜப்ரிய்யாக்கள் எல்லாக் கைகளையும் நடுங்கும் கைகளாக ஆக்கிவிட்டனர். கதரிய்யாக்களும் அவர்களை அடுத்துவந்த முஃதஸிலாக்களும், நீளும் கையின் அசைவை மனிதனே படைக்கிறான் என்ற மறுகோடிக்குச் சென்றனர். அஹ்லுஸ் ஸுன்னாவின் அறிஞர்கள், படைப்பு அல்லாஹ்வுடையது, கஸ்பு (ஈட்டல்) அடியானுடையது என்று இடைவழி கண்டனர். இந்தக் கஸ்பை விளக்குவதில் இமாம் அஷ்அரீ (இறப்பு ஹி. 324 / கி.பி. 936), இமாம் மாத்துரீதீ (இறப்பு ஹி. 333 / கி.பி. 944) ஆகியோரிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. எளிதில் பிடிபடாத ஒன்றைச் சுட்ட ‘அஷ்அரீயின் கஸ்பு’ என்றே உவமை கூறும் வழக்கம் அரபியில் ஏற்படும் அளவிற்கு அது நுட்பமானது! நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகள் முன்னவரையும், உள்நாட்டு ஹனஃபீகள் பின்னவரையும் அகீதாவில் பின்பற்றி வருகின்றனர். கைகளின் உதாரணத்தில் மட்டும் இரு சாராருக்கும் பிணக்கில்லை.

இனி, அகீதா நூல்களில் நாம் விரைந்து கடந்துவிடுகிற ஒரு செய்தி. இந்த விவாதம் ஏட்டறிவிற்காக எழுந்ததன்று. உமய்யா ஆட்சியாளர் சிலர் இரத்தம் சிந்துகின்றனர், பொருளைப் பறிக்கின்றனர், பின்னர், எங்கள் செயல்கள் அல்லாஹ்வின் கத்ரின்படியே நடக்கின்றன என்கின்றனர் என்று இமாம் ஹஸன் பஸரீ (இறப்பு ஹி. 110 / கி.பி. 728) அவர்களிடம் முறையிடப்பட்டது. அவர்கள் பொய்யுரைக்கின்றனர் என்று இமாமவர்கள் மறுத்ததாக இப்னு குதைபா பதிவு செய்துள்ளார். கத்ரை மறுத்துவிட்டார் என்று இதற்குப் பொருளாகாது. தம் விருப்பத்திற்குக் கத்ர் என்று பெயரிட்டதையே அவர் மறுத்தார்.

நம் வீடுகளிலும் இப்பெயர்மாற்றம் நடக்கிறது என்றே நாம் கருதுகிறோம். தந்தையின் பிடிவாதம், கடன் கொடுத்தவரின் நெருக்கடி, முதலாளியின் அநீதி ஆகிய யாவும் பாதிக்கப்பட்டவனின் நாவில் நஸீபாகிவிடுகின்றன. பெண்மக்கள் விஷயத்தில் இது இன்னும் மிகுதி. அன்ஸாரிப் பெண்ணான கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். ‘உன் நஸீபு, பொறுத்துக்கொள்’ என்ற சொல் அங்கே இல்லை. பொறுமையைப் போதித்த நபியே அவ்வாறு சொல்லவில்லை என்றால், அது பொறுமைக்குரிய இடமன்று என்பது தெளிவு. நேர்ந்துவிட்ட துன்பத்தில் கத்ரை நினைத்து ஆறுதல் பெறலாம், செய்த குற்றத்திற்கு அதைச் சாக்காக்கலாகாது என்று அறிஞர்கள் வகுத்ததும் இதனால்தான். பிறர் செய்யும் குற்றத்திற்கும் அதை நாமே சாக்காக எடுத்துக்கொடுக்கலாகாது என்று சேர்த்துக்கொள்வது பொருந்தும்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்தபோது கலீஃபா உமர் (ரலி) ஸர்க் என்னும் இடம்வரை சென்றிருந்தார்கள். தோழர்களைக் கலந்தாலோசித்து மதீனா திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார். ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ரை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) விடையளித்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எங்கே மேய்த்தாலும் அது கத்ரின்படியே நிகழும் என்றும் விளக்கினார்கள். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இந்நிகழ்ச்சி அடிக்கடி நினைவுகூரப்பட்டது. நோய்த்தொற்று விலகியபின் மறக்கப்பட்டது. பள்ளத்தாக்கை உமர் (ரலி) உண்டாக்கவில்லை. மழையும் அவர்கள் கையில் இல்லை. ஒட்டகத்தை எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது மட்டுமே மேய்ப்பவனின் கையில் உள்ளது. அந்த ‘மட்டுமே’ சிறிதன்று.

கை நீட்ட முடியாத அளவிற்கு மனம் தளர்ந்தவரின் நிலை என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் வாழ்வு இங்கே துணைக்கு வருகிறது. ஹி. 484இல் (கி.பி. 1091) பக்தாத் நிழாமிய்யாவின் தலைமை ஆசிரியராக அமர்ந்த அவர்கள் புகழின் உச்சியில் இருந்தார்கள். ஹி. 488 ரஜபில் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் தாம் பட்ட பாட்டை ‘அல்முன்கித்’ என்னும் தன்வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தம் போதனையின் நோக்கம் புகழே என்று கண்டு, பதவியைத் துறந்து வெளியேறக் காலையில் உறுதி கொள்வார்கள். மாலையில் அது கரைந்துவிடும். இறுதியில் நாவே கட்டுண்டது. மாணவர்களுக்காக ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய், கவலை தீர்ந்தாலன்றி மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தனர்.

அகீதாவையும் தர்க்கத்தையும் கரைத்துக் குடித்த ஒருவருக்கு, சொந்த நாவின் மீது அதிகாரம் இல்லாமற்போயிற்று! நீளும் கை, நடுங்கும் கையாகிவிட்டது. தம் இயலாமையை முழுமையாக ஒப்புக்கொண்டு, வேறு வழியற்றவனாக அல்லாஹ்விடம் ஒதுங்கியபோது, பதவியையும் பொருளையும் விடுவது தமக்கு எளிதாயிற்று என்கிறார்கள். அதன்பின் நடந்தவை யாவும் தீர்க்கமான செயல்கள். குழந்தைகளுக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். மக்காவுக்குச் செல்வதாக வெளியில் சொல்லி ஷாமுக்குப் புறப்பட்டார்கள். உண்மை நோக்கம் தெரிந்தால் தடுப்பார்கள் என்ற முன்னெச்சரிக்கை அது. ‘கையற்றவர்’ செய்யும் காரியமா இது?

பின்னாளில் இஹ்யாவின் தவக்குல் பகுதியில் அவர்கள் செய்த பாகுபாட்டை இந்த அனுபவத்தோடு சேர்த்தே நாம் வாசிக்கிறோம். முன்னே உணவு இருக்கக் கையை நீட்டாமல், அது தானாக வாய்க்கு வரட்டும் என்றிருப்பது தவக்குல் அன்று, பைத்தியம். பாலைவனப் பயணத்திற்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது போன்ற, பெரும்பாலும் பலன் தரும் காரணங்களைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரணன்று. வெறும் கற்பனையான காரணங்களில் தொங்குவதே முரண். உணவை நோக்கி நீட்டும் அந்தக் கையும் அதன் ஆற்றலும் அல்லாஹ்வின் கொடை, நீட்டிய பின்னும் அது சோர்ந்துவிடக்கூடும் என்பதை உள்ளம் அறிந்திருப்பதே தவக்குல். கையை மடக்கிக்கொள்ள அங்கே இடமில்லை.

விடுமுறை முடியுமுன் அந்த மாணவரை மறுபடி அழைத்தோம். முன்பு சொன்ன விடை குறையுடையது என்று ஒப்புக்கொண்டோம். வகுப்பில் தாம் மனனம் செய்த உதாரணத்தை அவர் மறக்கவில்லை. தமக்கு அது பொருந்தும் என்று எண்ணியதுதான் இல்லை. ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்து, இரு கைகளின் பெயரையும் எழுதினார். கழிந்த பதினைந்து ஆண்டுகளும், தந்தையாரின் முதுமையும், எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கமும் முதல் பக்கத்தில் சென்றன. கடவுச்சீட்டை எங்கே எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தார். ஒப்பந்தம் முடியும் தேதி, தம் பெயரில் தனி வங்கிக் கணக்கு, ஊரில் கிடைக்கக்கூடிய மக்தப் பணி, மனைவியிடம் இதுவரை கேட்காத அவர் கருத்து ஆகியவை மறுபக்கத்தில் சேர்ந்தன. கடவுச்சீட்டையும் கடைசியில் அங்கேயே எழுதினார். திருப்பிக் கேட்டுப் பார்த்ததே இல்லையாம்.

தந்தையாரிடம் பேசுவது எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவருக்குத் தயக்கம் இருந்தது. நம்மை உடன் வர முடியுமா என்று கேட்டார். அஸர் தொழுதுவிட்டு இருவரும் புறப்பட்டோம்.