'வெட்' - சின்ன வார்த்தை, பெரிய வித்தியாசம்

ஆபீசில் அன்றாடம் புழங்கும் ஆங்கில வார்த்தை 'வெட்'. ஈரம் என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடத்துக்கு இடம் அதன் வேலை மாறும்.

'வெட் பெயிண்ட்' என்று அட்டை தொங்கினால், வர்ணம் இன்னும் காயவில்லை என்று பொருள். நம் ஊர் நிலப் பதிவேட்டில் 'வெட்' என்றால் நஞ்சை. 'டிரை' என்றால் புஞ்சை. 'வெட் கிரைண்டர்' ஈரமான இயந்திரம் அல்ல. ஊறிய அரிசியை அரைக்கும் இயந்திரம். இவற்றில் எல்லாம் அது அடைமொழி.

ரெயில்வே கோப்புகளில் 'டாமேஜ் பை வெட்' என்பார்கள். நனைந்ததால் வந்த சேதம். இங்கே அது பெயர்ச்சொல். 'ரெயின் வெட் தி பேக்ஸ்' என்றால் மழை மூட்டைகளை நனைத்தது. இங்கே வினைச்சொல். இறந்த காலத்தில் 'வெட்டட்' என்றும் எழுதலாம், பிழையில்லை.

'டாம்ப்' வேறு. லேசாக ஈரம் பட்டிருந்தால் 'டாம்ப்'; நன்றாக நனைந்திருந்தால் 'வெட்'.

ஊரிலிருந்து ரெயிலில் வரும் மூட்டை நனைந்து சேதமாகியிருந்தால், கையெழுத்துப் போடுமுன் 'ஓப்பன் டெலிவரி' கேளுங்கள். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 81-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நஷ்டஈட்டு மனுவை, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதில் 'வெட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'டாம்ப்' என்று எழுதினால், சேதம் குறைந்துவிடும், காகிதத்தில் மட்டும்!