பயிற்சியில் பலியான கடற்படை வீராங்கனை கிரண்

2015–ம் ஆண்டு மார்ச் மாதம் 24–ந்தேதி. இரவு மணி சுமார் 10. கோவாவில் இருந்து பயிற்சிக்காகப் புறப்பட்ட கடற்படையின் டோர்னியர் விமானத்துடன் தகவல் தொடர்பு அற்றுப் போயிற்று. கோவாவுக்குத் தென்மேற்கே சுமார் 25 கடல் மைல் தொலைவில் அது அரபிக் கடலில் விழுந்து விட்டது.

விமானத்தில் இருந்தவர்கள் 3 பேர். கமாண்டர் நிகில் ஜோஷி, லெப்டினென்ட் அபினவ் நாகோரி, லெப்டினென்ட் கிரண் ஷெகாவத்.

ஜோஷியை மீனவர்கள் தங்கள் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். மற்ற இருவரும் பிழைக்கவில்லை. இரண்டு நாள் தேடலுக்குப் பின் கிரணின் உடல் கிடைத்தது. நாகோரியின் உடல் அதற்கும் பிறகே கிடைத்தது.

கிரணுக்கு வயது 26. இன்னும் ஐந்து வாரம் போயிருந்தால் 27 முடிந்திருக்கும். கடமையில் உயிர் நீத்த முதல் கடற்படைப் பெண் அதிகாரி இவர்தான்.

கடற்படைக் குடும்பம்

கிரணின் தந்தை கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவரும் கடற்படை அதிகாரி. கேரளத்தில் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் பயிற்சி பெற்று, 2010–ம் ஆண்டு ஜூலை மாதம் கிரண் அதிகாரியானார்.

2015–ம் ஆண்டு குடியரசு தினத்தன்று டெல்லி ராஜபாதையில் கடற்படைப் பெண் அதிகாரிகளின் அணி மிடுக்காக நடந்து வந்தது. அதில் கிரணும் ஒருவர். நாடே பார்த்து மகிழ்ந்தது. அடுத்த இரண்டு மாதம் நிறைவதற்குள் அவர் போய் விட்டார்.

விமானத்தில் அவருக்கு "அப்சர்வர்" வேலை. விமானத்தை ஓட்டுவது விமானியின் பொறுப்பு. எந்தத் திசையில் போவது, ரேடார் திரையில் தெரியும் புள்ளி கப்பலா படகா, கரைக்கு என்ன செய்தி சொல்வது – இவையெல்லாம் அப்சர்வரின் பொறுப்பு. அந்த நாளில் கடற்படையில் பெண்கள் விமானியாக முடியாது. விமானத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

"பயிற்சிதானே?"

"யுத்தம் இல்லையே, பயிற்சிதானே!" என்று சிலர் நினைக்கலாம். பகைவன் வெளிச்சம் பார்த்து வருவதில்லை. 2008–ம் ஆண்டு நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்து, இருட்டிய பிறகுதான் கரை ஏறினார்கள். ஆகவே கடலைக் காப்பவர்களும் இருட்டில் பழக வேண்டியிருக்கிறது.

இரவில் கடல் மேல் பறப்பது லேசான காரியம் அல்ல. நிலவு இல்லாவிட்டால் வானமும் கடலும் ஒரே கறுப்பாகத் தெரியும். கண்ணை நம்ப முடியாது. கருவிகளை நம்பியே பறக்க வேண்டும்.

பெங்களூர் அறிந்த துயரம்

டோர்னியர் விமானங்களை நம் நாட்டில் கட்டுவது, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.ஏ.எல். நிறுவனம். கட்டும் இடம் கான்பூர். விமானமும் விபத்தும் பெங்களூர்வாசிகளுக்குத் தெரியாதவை அல்ல.

பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்து எச்.ஏ.எல். பக்கம் போகும் சுரஞ்சன் தாஸ் சாலையில் தினமும் எத்தனையோ தமிழர்கள் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர், 1970–ம் ஆண்டு ஜனவரி 10–ந்தேதி "மாருத்" போர் விமானத்தைச் சோதித்தபோது இங்கே உயிர் விட்ட குரூப் கேப்டன்.

2009–ம் ஆண்டு மார்ச் 6–ந்தேதி பிடதி அருகே "சரஸ்" விமானம் சோதனையின்போது விழுந்தது. பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, இளையராஜா ஆகிய 3 விமானப்படை அதிகாரிகள் மாண்டார்கள். இளையராஜா என்ற பெயர் நமக்கு அந்நியமானதா? 2019–ம் ஆண்டு பிப்ரவரி 1–ந்தேதி எச்.ஏ.எல். விமான நிலையத்தில் "மிராஜ்" விமானம் நொறுங்கி, சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி என்ற இரு இளம் விமானிகள் பலியானார்கள்.

இவர்களில் ஒருவர் கூட எதிரியின் குண்டுக்குப் பலியானவர் அல்ல. நாளை இன்னொருவர் பத்திரமாகப் பறக்க வேண்டும் என்பதற்காக இன்று பறந்தவர்கள்.

அதே விமானம், அதே கடல்

கிரண் மறைந்த பின் பெண்கள் பயந்து பின்வாங்கி விடவில்லை. 2019–ம் ஆண்டு டிசம்பரில் ஷிவாங்கி என்ற இளம்பெண் கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். அவர் ஓட்டியதும் டோர்னியர் விமானமே.

2022–ம் ஆண்டு ஆகஸ்டு 3–ந்தேதி போர்பந்தரில் இருந்து ஒரு டோர்னியர் கிளம்பியது. விமானிகள், அப்சர்வர்கள் உள்பட 5 பேரும் பெண்கள். ஆண் துணையின்றி, அரபிக் கடலின் வட பகுதியைக் கண்காணித்து விட்டுத் திரும்பினார்கள். கிரண் அமர்ந்த அதே இருக்கை. அவரைக் கொண்டுபோன அதே கடல்.

போரில் மடிந்தவர்களை நாடு நினைக்கிறது. பயிற்சியில் மடிந்தவர்களை அவர்கள் வீட்டார் மட்டும் நினைத்தால் போதுமா? மார்ச் 24–ந்தேதி வரும்போது கிரணையும் நாகோரியையும் நாமும் ஒரு நிமிடம் நினைப்போம்.