மலைமேல் ஒரு நகல்

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. 1901ஆம் ஆண்டு முதல் அங்குக் கதிரவன் தொடர்ந்து நோக்கப்பட்டு வருகிறது. கதிரவப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909ஆம் ஆண்டு சனவரியில் கண்டறிந்ததும் இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாக ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிவான படங்கள் இன்று எண்ம வடிவம் பெற்றுள்ளன. பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வழியாக அவை உலக ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. தகடு உடைந்தால் அந்நாளின் கதிரவனை மீண்டும் படமெடுக்க இயலாது. நகல் இருந்தால் அந்நாள் பிழைக்கும்.

படத்தைக் காப்பது ஒரு பணி. அதனை அளப்பது மற்றொரு பணி. புள்ளிகளை எண்ணுவதும் அவற்றின் பரப்பைக் கணக்கிடுவதும் இப்போது கணினி நிரல்களின் வேலை. நிரலில் ஒரு வரி மாறினால் நூறாண்டுக் கணக்கும் மாறக்கூடும். ஆகவே எந்த வரி, எப்போது, யாரால், ஏன் மாற்றப்பட்டது என்னும் வரலாறு முழுமையும் பதிந்து வைக்கப்பட வேண்டும். இப்பணியைச் செய்பவை பதிப்பு மேலாண்மைக் கருவிகள். அவற்றுள் பெருவழக்காக உள்ள ‘கிட்’, லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் 2005ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. கதிரவ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘சன்பை’ என்னும் திறந்தமூல நிரல்தொகுப்பும் கிட் களஞ்சியமாகவே பேணப்படுகிறது.

கிட் களஞ்சியத்தை நகலெடுப்பதற்குக் ‘குளோன்’ என்று பெயர். அவ்வாறு எடுக்கும்போது இன்றைய நிரலோடு அதன் பழைய பதிப்புகள் அனைத்தும் உடன் வருகின்றன. நூலகத்தில் ஒரு நூலை இரவல் பெறுவதற்கு மாறாக, நூலகத்தையே பெயர்த்து வருவது போன்றது இது.

நகலெடுக்கும் கணினியும் வழங்கியும் தமக்குள் பேசிக்கொள்ள வகுத்துக்கொண்ட ஒழுங்கே நெறிமுறை. எந்நெறிமுறையைத் தேர்ந்தாலும் வந்து சேரும் களஞ்சியம் ஒன்றுதான். எதிரே இருப்பது உண்மையான வழங்கிதானா, இடையில் எவரேனும் உள்ளடக்கத்தை மாற்ற இயலுமா, கேட்பவர் யாரென்று வழங்கிக்குத் தெரியுமா என்பனவற்றில்தான் வேறுபாடு.

கிட்டுக்கென்றே அமைந்த பழைய நெறிமுறை ஒன்று உண்டு. அது விரைவானது; ஆயினும் மறையாக்கமும் இல்லை, அடையாளச் சரிபார்ப்பும் இல்லை. இடைவழியில் நிரல் மாற்றப்பட்டாலும் பெறுபவர் அறிய வழியில்லை. கிட்ஹப் தளம் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அதனைக் கைவிட்டது. இனி அதனைத் தேர்வதற்குக் காரணம் ஏதுமில்லை.

எஞ்சியிருப்பவை இரண்டு. எச்.டி.டி.பி.எஸ். என்பது வங்கித் தளங்களும் பயன்படுத்தும் நெறிமுறை. அது 443ஆம் எண் வாயில் வழியே செல்கிறது. பள்ளி, விடுதி, அலுவலகம் எதிலும் அவ்வாயில் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பொதுக் களஞ்சியத்தைப் படிக்கக் கணக்கே வேண்டியதில்லை. திருத்தங்களைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் அடையாளம் காட்ட வேண்டும். கிட்ஹப் 2021 ஆகஸ்டு முதல் இதற்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. தனியே பெற்ற அனுமதிக்குறியைக் கேட்கிறது.

எஸ்.எஸ்.எச். நெறிமுறையோ திறவுகோல் இணையைக் கொண்டது. பொதுத் திறவுகோலை வழங்கியில் பதிந்துவிட்டு, மறைத் திறவுகோலைத் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் திருத்தங்களை அனுப்புபவருக்கு இதுவே வசதி. ஆனால் இதன் 22ஆம் எண் வாயிலைச் சில வலையமைப்புகள் அடைத்து வைத்திருக்கும். மேலும், முதன்முறை இணையும்போது வழங்கியின் கைரேகை போன்ற ஓர் எழுத்துத்தொடர் திரையில் தோன்றும். பலர் அதைப் படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுகின்றனர். தளம் வெளியிட்டுள்ள தொடரோடு அதை ஒப்பிட்டால்தான் இந்நெறிமுறை தரும் காவல் முழுமை பெறும். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் மறைத் திறவுகோல் ஒன்று தவறுதலாகப் பொதுவெளியில் சிறிது நேரம் தெரிந்துவிட, அத்தளம் அதனை மாற்றியது. பழைய தொடரைத் தம் கணினியில் வைத்திருந்தோருக்கு எச்சரிக்கை தோன்றியது. அன்று சரிபார்க்காமல் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டவர், உண்மையான மாற்றத்தையும் போலி வழங்கியையும் வேறுபடுத்தி அறிந்திருக்க முடியாது.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது கொடைக்கானல் பகுதியிலும் மரங்கள் சாய்ந்து மின்சாரமும் போக்குவரத்தும் தடைபட்டன. புயலற்ற நாளிலும் மலைச்சரிவு சிற்றூர்களில் அலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து வருவதுண்டு. குளோன் செய்கையில் இணைப்பு நடுவே அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்தே தொடங்க வேண்டும். தொண்ணூறு விழுக்காடு வந்து நின்றாலும் இதுவே நிலை. எச்.டி.டி.பி.எஸ்., எஸ்.எஸ்.எச். என எதை மாற்றினாலும் இக்குறை தீராது.

இதற்கு இரு வழிகள் உள்ளன. அண்மைப் பதிப்பை மட்டும் முதலில் பெற்று, வரலாற்றைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி ஆழப்படுத்திச் செல்வது ஒன்று. முடிந்த படிநிலை ஒவ்வொன்றும் கணினியில் தங்கிவிடும். நல்ல இணைப்புள்ள ஊரில் ஒருவர் களஞ்சியம் முழுவதையும் ‘பண்டில்’ என்னும் ஒரே கோப்பாகக் கட்டித் தருவது மற்றொன்று. அக்கோப்பு பென் டிரைவில் ஏறி, வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில் ஒருவரது சட்டைப்பையிலேயே வந்து சேரலாம். அது பழுதின்றி வந்ததா என்பதையும் அறிய முடியும். கிட் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய வரலாற்றிலிருந்தும் கணக்கிட்ட நாற்பது எழுத்துக் குறியீட்டை இடுகிறது. கடைசிப் பதிவின் குறியீட்டைத் தொலைபேசியில் படிக்கச் சொல்லி ஒப்பிட்டால் போதும். அது பொருந்தினால் அதற்கு முந்தைய வரலாறும் பொருந்தும். அதன்பின் களஞ்சியத்தின் முகவரியை எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற்றி வைத்தால், பண்டில் கட்டிய நாளுக்குப் பிறகு நேர்ந்த மாற்றங்கள் மட்டுமே வலைவழி வரும். அச்சிறு அளவுக்குக் கொடைக்கானலின் மழைக்கால இணைப்பே போதும்.