செக்குத் தொழிலில் லாபத்தை நிர்ணயிக்கும் எண்கள்

கிராமத்தில் சிறு தொழில் நடத்துவோரிடம் தொழில் எவ்வாறு நடக்கிறது என்று வினவினால், இன்று இவ்வளவு விற்றது என்று விடை வருமேயன்றி, இவ்வளவு மிஞ்சியது என்று வருவது அபூர்வம். விற்பனை பெருகிக்கொண்டிருக்கும்போதே கடனும் வளர்ந்து, இறுதியில் யந்திரத்தை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குச் சென்றோர் உண்டு. அவர்கள் உழைப்பிலோ நாணயத்திலோ குறைந்தவர்களல்லர். கல்லாப்பெட்டியில் விழும் பணம் முழுவதையும் வருமானமென்று எண்ணி, கவனிக்க வேண்டிய எண்களைக் கவனியாது விட்டதே பெரும்பாலும் அவர்களுடைய நஷ்டத்துக்குக் காரணமாகும். அவ்வெண்கள் நான்கே. மோட்டார் பொருத்திய மரச்செக்கில் நிலக்கடலை ஆட்டும் ஒருவருடைய தொழிலைக் கொண்டு அவற்றை விளக்குவோம். விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடுமாதலால், கீழ்க்காணும் தொகைகள் உதாரணத்துக்காகவே கொள்ளப்பட்டன. வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுக் கணக்கிட்டுக்கொள்வார்களாக.

முதலாவது எண், ஒரு குவிண்டால், அதாவது 100 கிலோ, பருப்பை ஆட்டினால் மிஞ்சுவது எவ்வளவு என்பது. பருப்பின் விலை கிலோ 120 ரூபாயாயின் குவிண்டாலுக்கு 12,000 ரூபாய். மின்சாரம், பாத்திரம், ஏற்றுகூலி ஆகியவற்றுக்கு 600 ரூபாய். ஆகச் செலவு 12,600 ரூபாய். கிடைப்பது 40 கிலோ எண்ணெயும் 55 கிலோ பிண்ணாக்கும் எனக் கொள்வோம். எண்ணெய் கிலோ 300 ரூபாய் வீதம் 12,000 ரூபாயும், பிண்ணாக்கு கிலோ 40 ரூபாய் வீதம் 2,200 ரூபாயும் ஆக வரவு 14,200 ரூபாய். செலவு போக மிஞ்சுவது 1,600 ரூபாய். வரவில் இது ஒன்பதில் ஒரு பங்கே என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது எண், செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் கொடுத்தே தீரவேண்டிய செலவு. கொட்டகை வாடகை 4,000, உதவியாளின் சம்பளம் 12,000, பழுதுபார்க்கும் செலவு 1,500, யந்திரத்தின் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் 2,500, செக்குக்காரருடைய சொந்த உழைப்புக்குக் கூலி 12,000; ஆக 32,000 ரூபாய். கடைசியாகச் சொன்ன கூலியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறரிடம் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூலியைத் தம் தொழில் தமக்குத் தரவேண்டுமன்றோ? அதைச் சேர்க்காமல் கூறப்படும் லாபம், உண்மையில் அவருடைய கூலியில் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும்.

மூன்றாவது எண், மேற்கூறிய இரண்டிலிருந்தும் பிறப்பது. 32,000 ரூபாயை 1,600 ரூபாயால் வகுத்தால் 20 வரும். மாதம் 20 குவிண்டால் ஆட்டினால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. 21-ஆவது குவிண்டாலிலிருந்தே லாபம் தொடங்குகிறது. நம் செக்குக்காரர் மாதம் 24 குவிண்டால் ஆட்டுவாராயின், மேற்பட்ட 4 குவிண்டாலுக்கு 6,400 ரூபாய் அவருடைய உண்மையான லாபம்.

இனி, ஒரு சிறு மாறுதல் இக்கணக்கை எவ்வாறு புரட்டிவிடுகிறது என்பதைப் பார்ப்போம். அடுத்த தெருவில் மற்றொரு கடை வந்ததென்று, அவர் எண்ணெய் விலையைக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைக்கிறார். 300 ரூபாயில் 10 ரூபாய் சொற்பமாகவே தோன்றும். ஆனால் குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைந்து, மிஞ்சுவது 1,200 ரூபாயாகிவிடும். முன்போல் 24 குவிண்டால் ஆட்டினால் 28,800 ரூபாய்தான் மிஞ்சும். 6,400 ரூபாய் லாபம் இருந்த இடத்தில் 3,200 ரூபாய் நஷ்டம் வந்து நிற்கும். பழைய லாபத்தை மீண்டும் அடைய அவர் மாதம் 32 குவிண்டால் ஆட்டி விற்க வேண்டும். முப்பதில் ஒரு பங்கு விலை குறைத்ததை ஈடுசெய்ய விற்பனையை மூன்றில் ஒரு பங்கு உயர்த்த வேண்டியதாயிற்று.

விலையைப் போன்றே எண்ணெய்த் தேறுதலும் முக்கியமானது. நல்ல நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு 45 பங்குக்குக் குறையாமல் எண்ணெய் உண்டு. மரச்செக்கு அது முழுவதையும் பிழிவதில்லை. ஒரு பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். உலக்கை தேய்ந்திருந்தாலும், பருப்பு முற்றாமலோ ஈரமாகவோ இருந்தாலும் தேறுதல் மேலும் குறையும். 40 கிலோ வந்த இடத்தில் 38 கிலோ வந்தால், எண்ணெயில் 600 ரூபாய் குறைந்து, பிண்ணாக்கில் 80 ரூபாய் கூடும். குவிண்டாலுக்கு மிஞ்சுவது 1,080 ரூபாயாக இறங்கி, மாத முடிவில் 6,080 ரூபாய் நஷ்டம் ஏற்படும். 1934-ஆம் ஆண்டில் ஏற்பட்டு, ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தார் வார்தாவில் மரச்செக்கைத் திருத்தியமைக்க முனைந்தது வீண் முயற்சியன்று என்பது இதனால் விளங்கும். விற்பனையைப் பெருக்க அலைவதற்கு முன், செக்கின் உலக்கையைக் கவனிப்பது மேலான முயற்சியாகும்.

நான்காவது எண், பணம் எத்தனை நாள் கழித்துக் கைக்குத் திரும்புகிறது என்பது. 24 குவிண்டாலின் எண்ணெய் 2,88,000 ரூபாய் பெறும். அதில் பாதியை ஒரு மாதத் தவணையில் கடனாகக் கொடுத்தால், 1,44,000 ரூபாய் எந்நாளும் பிறர் கையில் நிற்கும். அடுத்த கொள்முதலுக்குப் பணமின்றி 1,00,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 2 வட்டிக்கு வாங்க நேர்ந்தால், வட்டி 2,000 ரூபாய். லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வாராக்கடன் இதனினும் கொடிது. 3,200 ரூபாய்ப் பாக்கி ஒன்று வசூலாகாமற் போனால், அதை ஈடுசெய்ய மேலும் 2 குவிண்டால் ஆட்டி விற்க வேண்டும். பருப்பை அளவுக்கு மீறி வாங்கி அடுக்குவதும் இவ்வாறே பணத்தை முடக்கும். ஈரம் தாக்கிப் பூஞ்சை பிடித்த பருப்பில் நஞ்சு உண்டாகுமாதலால் அதை ஆட்டலாகாது, கழித்தே தீரவேண்டும்.

இவற்றை அறியப் பெரிய கணக்குப் புத்தகம் வேண்டுவதில்லை. நாள்தோறும் ஆட்டிய பருப்பின் எடை, வந்த எண்ணெயின் எடை, பிண்ணாக்கின் எடை, ரொக்க விற்பனை, கடன் விற்பனை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் இரவில் எழுதிவைத்தால் போதும். வீட்டுச் செலவுக்குக் கல்லாப்பெட்டியிலிருந்து எடுப்பதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மாத முடிவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு எண்களும் வெளிப்பட்டுவிடும். பருப்பு விலை ஏறும்போதெல்லாம் முதலாவது எண்ணை அன்றே புதிதாகக் கணக்கிடுதல் அவசியம்.

செக்கு மட்டுமன்று, தறி, பால் வியாபாரம், மளிகைக்கடை, தையற்கடை ஆகிய எத்தொழிலுக்கும் இம்முறை பொருந்தும். தையற்காரர் ஒரு சட்டைக்கும், பால்காரர் ஒரு லிட்டருக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று கண்டுகொண்டால் மற்றவை தாமே தொடரும். தொழிலில் இறங்கக் கடன் வாங்க எண்ணுவோர், முதலில் இந்நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதிப் பார்த்து, அதன் பின்னரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது நலம்.